கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்குங்கள்: ஆங்கில இலக்கிய முதுமாணிக்கு ஆயத்தமாகும் ஒருவருக்கு

மூதூரில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருந்தார். வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டம் எடுத்தவர்; ஆங்கிலம் அதில் ஒரு பாடம். இப்போது ஆங்கில இலக்கியத்தில் முதுமாணி செய்ய ஆசை. எந்தப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும்? இந்தியாவில் அச்சான நெட் (அங்கே உதவிப் பேராசிரியர் தகுதிப் பரீட்சை) கையேடுகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார், அவற்றைப் பாடமாக்கினால் போதுமா? கொழும்பில் வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா? எத்தனை மாதம் பிடிக்கும்? திருகோணமலையில் இதே கேள்விகளோடு பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பரீட்சை விஷயம். இலங்கையில் முதுமாணிக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நுழைவுப் பரீட்சை கிடையாது. பேராதனை, கொழும்பு, களனி என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாட்டில் விளம்பரம் போடும். எழுத்துப் பரீட்சையா, நேர்முகமா, இரண்டுமா என்பது அந்த வருட விளம்பரத்தில்தான் தெரியும். அதை வரிவரியாக வாசியுங்கள். உங்கள் பட்டத்தில் ஆங்கிலம் எந்த அளவுக்கு இருந்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். இன்னொன்று, இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறி மட்டுமுள்ள முதுமாணி மட்டம் 9, 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்) கொண்டது. ஆய்வும் சேர்ந்தது மட்டம் 10, 60 புள்ளிகள். பின்னாளில் ஆய்வுப் பட்டம் செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பத்தையே தேடுங்கள். பட்டத்தை முடித்த பிறகு இதை அறிந்து மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றிய முதுமாணி வேறு, இலக்கிய முதுமாணி வேறு. திறந்த பல்கலைக்கழகத்தில் இருப்பது முதல் வகை. ஆசிரியர்களுக்கு அது நல்ல படிப்பு, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

இந்தியா போக நினைத்தால் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் என்று ஒன்று இலங்கையரின் முதுமாணிப் படிப்புக்காகவே இருக்கிறது. இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் அறிவித்தலைக் கவனித்துக்கொண்டிருங்கள். சியுஇடி பிஜி என்பது இந்திய மாணவர்கள் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் முதுமாணிக்கு எழுதுவது. அண்மைய ஆண்டுகளில் 75 கேள்விகள், சரிக்கு 4 புள்ளி, பிழைக்கு 1 புள்ளி வெட்டு. நெட் இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது; அங்கே உதவிப் பேராசிரியராகவும் ஆய்வு உதவித்தொகை பெறவும் தகுதி பார்க்கும் பரீட்சை, பெரும்பாலும் முதுமாணி முடித்தவர்கள் எழுதுவது. நீங்கள் அதை எழுதப் போவதில்லை. அமெரிக்கா என்றால், அங்கே பட்ட மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இயில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனியாக இருந்த பரீட்சையை 2021இல் நிறுத்திவிட்டார்கள். பழைய கையேட்டை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அப்படியென்றால் அந்த நெட் கையேடுகள் வீணா? கையேடு வீண்தான், நெட் பாடத்திட்டம் வீணில்லை. அதை இலவசமாகவே எடுக்கலாம். நெட்டில் 3 மணித்தியாலத்தில் 150 கேள்விகள். அதில் 100 உங்கள் பாடம். ஆங்கிலத்துக்கு 10 அலகுகள்: நாடகம், கவிதை, புனைகதை, புனைவல்லாத உரைநடை, மொழி, இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, இலக்கியத் திறனாய்வு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கோட்பாடு, ஆய்வு முறையியல். இவ்வளவு பெரிய துறையை ஒரே தாளில் அடக்கிய வரைபடம் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் விடுவது? அதைச் சுவரில் ஒட்டுங்கள். ‘இந்தியாவில் ஆங்கிலம்’ என்ற இடத்தில் ‘இலங்கையில் ஆங்கிலம்’ என்று உங்கள் கையால் எழுதுங்கள். கடந்தகால வினாத்தாள்களும் இணையத்தில் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று செய்து பாருங்கள். எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று பிடிபடும்.

கையேட்டைப் பாடமாக்குவது பற்றி நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நான் முதல் முறை தெரிவுப் பரீட்சைக்குப் போனபோது ஒரு கையேட்டின் சுருக்கங்களை அட்டை முதல் அட்டை வரை மனப்பாடம் செய்திருந்தேன். இரவு ரயிலில் கூட அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். வினாத்தாளின் முதல் கேள்வி, முன்பு கண்ணால் பார்த்திராத ஒரு கவிதை. எழுதியவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. இந்தக் கவிதை எப்படி இயங்குகிறது என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். கவிதை ஒன்றை நானே தனியாக வாசித்து எவ்வளவு காலம் என்று அந்த மண்டபத்தில்தான் யோசித்தேன். எடுபடவில்லை. அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டி வந்தது.

அதனால் என் பதில் இதுதான்: குறைவாக வாசியுங்கள், மூலத்தை வாசியுங்கள், வாசித்த ஒன்றிலிருந்து அடுத்ததுக்குக் கயிறு கட்டிக்கொண்டே போங்கள். பரீட்சை கேட்பது அந்தக் கயிற்றைத்தான். எது முந்தியது, எது எதற்குப் பதில், யார் யாரை வாசித்தார் என்றுதான் பல்தேர்வுக் கேள்வியும் கேட்கும், கட்டுரைக் கேள்வியும் கேட்கும்.

உங்கள் ஊரிலிருந்தே கட்டத் தொடங்கலாம். புயலில் அடிபட்ட ஒரு கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்குள் வந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் 1660இல் மூதூர்ப் பக்கம் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். கிட்டத்தட்ட 20 வருடம் உள்நாட்டில் கைதியாக இருந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் அவர் இலங்கை பற்றி எழுதிய நூல் லண்டனில் வெளிவந்தது. டானியல் டீஃபோ அதை வாசித்தவர். 1720இல் வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் கதையைப் பெயர் சொல்லியே திரும்பச் சொல்கிறார். அதற்கு முந்திய வருடம் வந்த ‘றொபின்சன் குரூசோ’விலும் நொக்ஸின் சாயல் உண்டு என்று ஆய்வாளர்கள் பேசுவதுண்டு. இப்போது பாருங்கள், நீங்கள் தினமும் பார்க்கும் கடலிலிருந்து ஆங்கில நாவலின் தொடக்கத்துக்கு ஒரு கயிறு போய்விட்டது. பயண எழுத்து நாவலாக மாறுவது, அனுபவக் கதை என்று சொல்லிக்கொண்டு புனைவு எழுதுவது, தனி மனிதன், தீவு, காலனி எல்லாம் அந்த ஒரு கயிற்றில் வந்து சேரும். ‘பதினெட்டாம் நூற்றாண்டில் நாவலின் எழுச்சி’ என்ற கேள்விக்குக் கையேட்டிலுள்ள 6 காரணங்களை எழுதுபவர் நூறு பேர். நொக்ஸிலிருந்து தொடங்குகிறவர் நீங்கள் ஒருவராக இருக்கலாம்.

இன்னொரு கயிறு திருகோணமலை நகரத்துக்குள் இருக்கிறது. இங்கே ஆங்கிலேயர் காலத்துப் பழைய மயானத்தில் சார்ல்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை உண்டு. 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில், போரின் நடுவே, நோயால் இறந்தவர். அவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. இளைஞராக இருந்தபோது, எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் இரண்டு அக்காமாருக்கும் புட்பராகச் சிலுவை வாங்கிக் கொடுத்தார். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் கடற்படையில் இருக்கும் அண்ணன் வில்லியம், ஃபனிக்கு அம்பர் சிலுவை கொண்டுவந்து கொடுக்கிறானே, அது இந்தச் சிலுவைகளிலிருந்து வந்தது. அந்த நாவலில் வீட்டுத் தலைவரின் செல்வம் அன்டிகுவாத் தோட்டத்திலிருந்து வருகிறது. திறனாய்வாளர் எட்வேர்ட் சயித் 1993இல் வந்த ‘கல்ச்சர் அன்ட் இம்பீரியலிசம்’ நூலில் அந்த நாவலைப் பேரரசோடு சேர்த்து வாசிக்கிறார். ஒரு கல்லறை, ஒரு நாவல், ஒரு கோட்பாட்டு நூல்: மூன்று அலகுகளுக்கான சரக்கு இதற்குள் இருக்கிறது. பின்காலனியம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் பாடமாக்கிய பிள்ளை இரண்டு பந்தியில் களைத்துவிடும். மயானத்தில் நின்று அந்தக் கல்லை வாசித்த பிள்ளைக்கு எழுத நேரம் போதாது.

ஆண்டுகளும் இப்படித்தான் மனதில் நிற்கும். தெரிந்த வரலாற்றோடு கட்டுங்கள். நொக்ஸ் பிடிபட்ட 1660இல்தான் இரண்டாம் சார்ல்ஸ் திரும்பி வந்தார். 1642இல் மூடப்பட்ட லண்டன் நாடக அரங்குகள் மறுபடி திறந்தன. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தது 1795. மூன்று வருடம் கழித்து, 1798இல், வேர்ட்ஸ்வர்த்தும் கோல்ரிட்ஜும் ‘லிரிக்கல் பலட்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார்கள். கண்டி விழுந்த 1815இன் கடைசியில் ஜேன் ஒஸ்டினின் ‘எம்மா’ வந்தது. திருகோணமலையில் ஜப்பான் குண்டு போட்ட 1942இல் ரி.எஸ். எலியட்டின் ‘லிட்டில் கிடிங்’ கவிதை. தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே 1956இல், மே மாதம், லண்டனில் ‘லுக் பக் இன் ஆங்கர்’ மேடையேறியது. ஒரு கொப்பியில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் இங்கே, வலப்பக்கம் அங்கே என்று எழுதுங்கள். எழுத எழுத நிற்கும்.

ஆனால் ஆண்டுக் கேள்விகளில் கண்ணிகள் உண்டு. ‘லிரிக்கல் பலட்ஸு’க்கு வேர்ட்ஸ்வர்த் எழுதிய புகழ்பெற்ற முன்னுரை 1798 பதிப்பில் இல்லை. 1800இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. ஷெல்லி கவிதைக்காக வாதாடிய கட்டுரையை 1821இல் எழுதினார். ஆனால் அவர் இறந்த பிறகு, 1840இல்தான் அச்சானது. வெளிவந்த வரிசை கேட்கிறார்களா எழுதிய வரிசை கேட்கிறார்களா என்று கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். அந்தக் கட்டுரை நண்பர் பீக்கொக் 1820இல் எழுதியதற்குப் பதில் என்பது தெரிந்தால், ஆண்டு மறந்தாலும் வரிசை பிழைக்காது.

இனி அந்தக் ‘காணாத கவிதை’க்கு வருகிறேன். அதிகம் புள்ளி போவதும் அங்கே, அதிகம் புள்ளி எடுக்கக் கூடியதும் அங்கே. ஷேக்ஸ்பியரின் 73ஆவது சொனற்றை (14 அடிக் கவிதை) எடுங்கள், 1609இல் அச்சானது. வயது போன ஒருவர் தன்னை இலையுதிர் காலத்து மரமாகக் காட்டுகிறார். ‘மஞ்சள் இலைகள், அல்லது ஒன்றுமில்லை, அல்லது ஒரு சில’ தொங்கும் காலம் என்கிறது இரண்டாவது அடி. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ‘மஞ்சள் இலை முதுமையின் குறியீடு’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். பிழை இல்லை, ஆனால் அது வாசிப்பும் இல்லை. அந்த மூன்று சொற்களின் வரிசையைப் பாருங்கள். மரம் இலை உதிர்ப்பது மஞ்சள், சில, ஒன்றுமில்லை என்ற வரிசையில்தானே? இவர் ஏன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு ஒரு சில என்கிறார்? எல்லாம் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டவர், இல்லை இல்லை, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பது போல இருக்கிறது. முதுமையை ஏற்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்கும் மனம் அந்தச் சொல் வரிசையிலேயே தெரிகிறது. இதை எழுதினால் அது உங்கள் விடை.

அங்கேயே நில்லாதீர்கள். முதல் நான்கடியில் ஒரு பருவம், அடுத்த நான்கில் ஒரு நாளின் அந்தி, அதற்கடுத்த நான்கில் அணையும் நெருப்பு. மாதங்கள், ஒரு மாலை, சில நிமிடங்கள் என்று காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசி அடியில் ‘லீவ்’ என்று ஒரு வினை வருகிறது, விட்டுப் பிரிவது என்ற பொருளில். தொடக்கத்து இலைகளின் ஒலி முடிவில் பிரிவாகத் திரும்பி வருகிறது.

நான்காம் அடியில் மரக்கிளைகளைப் பாழடைந்த தேவாலயப் பாடகர் மேடைகள் என்கிறார். சற்று முன்புவரை இனிய பறவைகள் பாடிய இடம். எட்டாம் ஹென்றி துறவி மடங்களைக் கலைத்த பிறகு இங்கிலாந்தில் அப்படிப்பட்ட இடிபாடுகள் நிறைய இருந்தன. திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் 1930இல் இந்த ஓரடியை எடுத்து அதில் எத்தனை பொருள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது என்று காட்டினார். திருகோணமலைப் பிள்ளைக்கு இந்த அடி தூரத்து விஷயமே இல்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். மீதி கடலுக்குள் கிடந்ததை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்தார்கள். பாட்டு ஓய்ந்த கோயில் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. விடையில் கோணேசரைப் பற்றி ஒரு பந்தி எழுதச் சொல்லவில்லை. ஒரு வரிகூடத் தேவையில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த அடியை வாசிக்கும்போது அது உங்களுக்குள் இருக்கட்டும்.

கிழமைக்கு இரண்டு கவிதை இப்படி வாசியுங்கள். மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறீர்கள் என்றால் ஏறும்போது கவிதையை ஒரு தரம் வாசித்துவிட்டுப் போனை மூடிவையுங்கள். கிண்ணியாப் பாலம் வரும்வரை எந்தச் சொல் மனதில் மிஞ்சுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தச் சொல்தான் கவிதையின் கதவு.

கோட்பாடு என்றால் எல்லாரும் பயப்படுகிறார்கள். பீற்றர் பரியின் அறிமுக நூல் ஒன்றை முழுமையாக வாசியுங்கள், 1995இலிருந்து பல பதிப்பு கண்டது. யேல் பல்கலைக்கழகத்தின் இலக்கியக் கோட்பாட்டு விரிவுரைகள் முழுவதும் யூடியூப்பில் இலவசமாக இருக்கின்றன. ஒவ்வொரு கோட்பாட்டாளருக்கும் ஒரேயொரு மூலக் கட்டுரையாவது நீங்களே வாசித்திருக்க வேண்டும். எலியட்டின் 1919ஆம் ஆண்டுக் கட்டுரை ‘ட்ரடிஷன் அன்ட் தி இண்டிவிஜுவல் டலன்ட்’, ரோலான் பார்த்தின் ‘ஆசிரியரின் மரணம்’, காயத்ரி ஸ்பிவாக்கின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரை ‘கான் த சபால்டர்ன் ஸ்பீக்?’ என்று 10 போதும். தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. உணர்ச்சியை நேரே சொல்லாமல் அதற்கு ஈடான பொருளையும் காட்சியையும் வைப்பது என்று எலியட் சொன்னதை, கருப்பொருளும் உரிப்பொருளும் தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ‘இன்டீரியர் லான்ட்ஸ்கேப்’ நூலின் பின்னுரையை வாசியுங்கள். தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நான் காணவில்லை.

இலங்கை ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள். நேர்முகத்தில் அங்கிருந்து கேள்வி வர வாய்ப்பு அதிகம். லெனார்ட் வுல்ஃப் 1913இல் எழுதிய ‘த விலேஜ் இன் த ஜங்கிள்’, லக்தாச விக்கிரமசிங்கவின் கவிதைகள், ஜீன் அரசநாயகம், 1994இல் வந்த ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’, 2022இல் புக்கர் பெற்ற ஷெஹான் கருணாதிலக. எல்லாவற்றையும் வாசிக்க முடியாவிட்டால் இரண்டை ஆழமாக வாசியுங்கள். ஒரு நூலைப் பற்றி 10 நிமிடம் தடங்கலில்லாமல் பேச முடிந்தால் நேர்முகம் அந்த நூலைச் சுற்றியே போகும்.

கொழும்பு வகுப்பு தேவையா என்றால், என் அபிப்பிராயத்தில் இல்லை. அந்தப் பணத்தில் ஏப்ரம்ஸின் இலக்கியக் கலைச்சொல் அகராதியை வாங்குங்கள், மீதியை டேட்டாவுக்கு வையுங்கள். பதிப்புரிமை முடிந்த மூல நூல்கள் குட்டன்பேர்க் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. வகுப்பைவிட முக்கியம் துணை. மூன்று பேர் சேர்ந்தால் போதும்; சனிக்கிழமை பொது நூலகத்திலோ கடற்கரையிலோ இருந்து ஒருவர் விடையை மற்றவர் திருத்துங்கள்.

காலம்? வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் 8 மாதம். முதல் 5 மாதம் வாசிப்பு, அதில் வாரம் ஒரு விடை. கடைசி 3 மாதம் கையால், பேனாவால், 45 நிமிடத்துக்கு மணிக்கூட்டை வைத்து எழுதுவது. போனில் தட்டிப் பழகிய விரல் 3 மணித்தியாலப் பரீட்சையில் இரண்டாவது மணித்தியாலத்திலேயே வலிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் நேரம் என்று எழுதியிருந்தீர்கள். சரி, அந்த நேரத்தில் கோட்பாட்டை எடுக்காதீர்கள். நாடகத்தை எடுத்து மெதுவாக வாய்விட்டு வாசியுங்கள். விடியற்காலை அரை மணித்தியாலம் கிடைத்தால் கோட்பாடு அப்போது.

தொடக்கமாக 73ஆவது சொனற்றின் இரண்டாவது நான்கடியை மட்டும் எடுத்து, அகராதியைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதுங்கள். படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்புகிறேன்.